ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்றுபோகும் பெட்டி

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும் நலம். நலம் என்றால், தினமும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறோம், ஆனால் அடுத்தவர்களை இறக்கிவிடத்தான் மிதிக்கிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்களா என்று கேட்டால் தூங்குகிறோம் என்றுதான் சொல்லப் போகிறாய், இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். கைக்குள் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இது போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உங்கப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கம் மட்டும் புரளவே புரளாது. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

சில மாதம் முன்னால் நீ சொன்னாயே, அம்மா, ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு, அதுவும் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்கே போயிடுது, ஒண்ணு ஏஜென்சியில சொல்லி அதைப் பாத்துக்க ஆள் எடுங்க, இல்லாட்டி ஃப்ரீலான்ஸ் தளத்துல பாருங்க, என்னால முடியலம்மா என்று, அந்தக் கடைசி வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை. உன் வாயிலிருந்து முடியல என்று நான் கேட்டதே இல்லை. நாம் இரண்டு வேன் மட்டும் வைத்திருந்த காலத்தில் நீ விளையாட்டுப் போல எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் அந்தப் பெட்டியில் ஓடுகிறது. இன்றைக்கு எந்த நோயாளியை எந்த வேன் எந்த வாசலில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதன் தலையில்தான் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் அது நின்று, திங்கள் விடிவதற்குள் எழுந்துகொள்ளாவிட்டால் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் காக்க வைக்க முடியுமா? பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று நீ சொன்னபடி புதிதும் வாங்கினோம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நின்றது. உங்கப்பா வேறு, புதுசு சரியில்லை, பழசே தேவலை என்று ஒரே பிடிவாதமாக நின்று பழைய பெட்டியையே திரும்பவும் அலமாரியில் ஏற்றிவிட்டார். என்ன சரியில்லை என்று கேட்டால் கல்லுளிமங்கன் வாயைத் திறந்தால்தானே.

நீ அனுப்பிய விளக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஏஜென்சி என்றால் ஆளை அவர்களே பொறுக்கித் தருவார்கள், ஓடிப்போனால் வேறு ஆள் தருவார்கள், ஆனால் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களுக்கும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். தளம் என்றால் நாமே தேடி, நாமே பேசி, செய்த வேலைக்குக் கூலி, ஆள் காணாமல் போனால் சுவரோடு பேச வேண்டியதுதான். வேனுக்கு டிரைவர் பிடிக்கிற கதைதான் இதுவும், இத்தனை வருஷமாக இரண்டு வழியிலும் ஆள் எடுத்து இரண்டு வழியிலும் பட்டவள் நான். உன் மாமா ஏஜென்சிதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்கா, நாளைக்கு ஒண்ணுன்னா சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேணாமா என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நான் மதில் மேல் பூனையாகச் சில வாரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் முடிவெடுக்கிற தெம்பே இல்லை. காலையில் எழுந்தால் ஒரு டிரைவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வேன் டயர் பஞ்சர், ஒரு நோயாளியின் மருமகள் போனில் கத்துகிறாள், முழங்கால் வேறு தனியாகக் கத்துகிறது. இதற்கு நடுவில் சாஃப்ட்வேர் ஆளை எப்படி எடை போடுவது என்று நான் எங்கே போய்ப் படிப்பேன் சொல்.

சரி என்று முதலில் ஏஜென்சிக்காரரை வரச் சொன்னோம். டை கட்டிக்கொண்டு வந்தார், நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வீடியோவில் ஒரு பையனைக் காட்டினார், மணியான பையன், கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில், உன் மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவரே பெற்று வளர்த்த மாதிரி. ஒரு வாரம் வேலை செய்து காட்டட்டும், அப்புறம் கையெழுத்து என்றேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தது வேறு பையன். எங்கே அந்தப் பிள்ளை என்று கேட்டால், அவரும் எங்க ஆள்தாம்மா, இவரும் எங்க ஆள்தாம்மா என்கிறார். பழக்கடையில் நறுக்கி நீட்டுகிற துண்டு ஒரு பழத்துடையது, பையில் விழுகிற பழம் வேறு. வந்த பையனைக் குறை சொல்லக் கூடாது, பாவம், அவனுக்கே எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியவில்லை, நம்மைக் கூரியர் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தான், நோயாளிகளைப் பார்சல் பார்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வாரமே நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒப்பந்தக் காகிதம் மட்டும் மேஜையிலேயே கிடந்தது, மாமா தினமும் அதை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

அப்புறம் தளத்தில் போட்டேன். போட்டதும் மழைக்கு ஈசல் கிளம்பின மாதிரி கிளம்பிவிட்டார்கள். அத்தனை பேரும் உங்கள் தேவையை முழுமையாகப் படித்தேன் என்கிறார்கள், ஒருவராவது படித்த அடையாளம் இல்லை. நட்சத்திரம் எல்லாருக்கும் நிறைய இருக்கிறது, வானத்தில்கூட அவ்வளவு இருக்காது. எனக்கு அலுத்தே போயிற்று. கடைசியில், டிரைவர்களைக் கேட்கிற கேள்வியையே இவர்களையும் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. உனக்குத்தான் தெரியுமே, வேன் போய் நிற்கிறது, நோயாளி வாசலில் இல்லை, என்ன செய்வாய் என்று கேட்பேன். ஹாரன் அடிப்பேன் என்கிறவனை எடுக்க மாட்டேன், இறங்கிப் போய்ப் பார்ப்பேன் என்கிறவனைத்தான் எடுப்பேன். நம் நிதானம் டிரைவர் அப்படித்தான் வந்தார், மெதுவாக ஓட்டுகிறார் என்று எல்லாரும் சிரித்தாலும் இன்றுவரை ஒரு நோயாளியை அவர் தவறவிட்டதில்லை. அதையே தளத்திலும் எழுதிவிட்டேன். முக்கால்வாசிப் பேர் நோட்டிபிகேஷன் அனுப்புவோம், தானாகவே மெசேஜ் போகும் என்று எழுதினார்கள், அதுவும் ஹாரன்தானே. ஒரே ஒரு பெண் மட்டும் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள், அம்மா, அவங்க தனியா இருக்கிறவங்களா, கூட யாராவது இருக்காங்களா, அதைப் பொறுத்துத்தானே செய்யணும் என்று. எனக்கு அது போதுமாக இருந்தது. மாமா முணுமுணுத்தார், முகம் தெரியாதவளிடம் கடையைக் கொடுக்கிறாயே என்றார். ஏஜென்சியில் முகம் தெரிந்தது, அந்த முகம் வரவில்லையே என்றேன்.

அவளுக்கு முதல் வேலையாக அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோளாறைத்தான் கொடுத்தேன். பெட்டியை எங்கேயோ உட்கார்ந்துகொண்டே கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டு, பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா என்று கேட்டாள். இல்லை, சொல்லு என்றேன். புரோகிராம்ல குறையே இல்லம்மா, அது தானா நிக்கல, யாரோ ஒயரைப் பிடுங்கின மாதிரி நிக்குது, அந்தக் கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல யாரு இருப்பாங்க, நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்க, நான் எழுத்துல எதுவும் அனுப்பல என்றாள். ஏஜென்சியாக இருந்திருந்தால் இதற்கு இன்னொரு பெட்டி விற்றிருப்பார்கள், பில்லும் வந்திருக்கும். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை கண்ணு. வேன் கழுவ வருகிறவர் தண்ணீர்க் குழாயோடு ஒயரையும் இழுத்துவிடுகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் வேன் கழுவுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்கப்பா வழக்கம்போலக் கிளம்பினார். வேன் கழுவுவதை மேற்பார்க்க எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று எத்தனையோ வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுத்து நானும் பின்னாலேயே போனேன். ஆபீஸ் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைத் துணியால் துடைத்தார், மேலே, பக்கவாட்டில், பின்னால், நிதானமாகத் துடைத்தார். அப்புறம் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உனக்கு வீடியோவில் போன் போட்டார். அம்மாடி, பெட்டி மறுபடியும் நின்னுபோச்சும்மா என்று எவ்வளவு கவலையாகச் சொன்னார் தெரியுமா, நானே நம்பியிருப்பேன். பச்சை விளக்கு எரியுதாப்பா, எந்த ஒயர்னு பாருங்கப்பா என்று நீ கேட்கிறாய், இரும்மா கண்ணாடி போட்டுக்கிறேன் என்கிறார். நம் வீட்டுக்கு முழு வயரிங்கும் தன் கையால் போட்ட மனுஷன், ஒரு பிளக்கைச் சொருகத் தெரியாமல் உன்னிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெட்டி எழுந்து வருகிற வரைக்கும் நீங்கள் இருவரும் பேசினீர்களே, அதையும் கேட்டேன். பழைய பெட்டி, மெதுவாகத்தான் எழும். புதுப் பெட்டியின் குறை என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, அது சட்டென்று எழுந்துவிடுகிறது. உன் மேலதிகாரி உன் வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொண்டதை அவரிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. முடியை வெட்டிக்கொண்டதைக் காட்டினாய், நல்லாத்தான் இருக்கு, கழுத்து வெயில்ல கறுத்துடாம பாத்துக்க என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாசக்கணக்கில் ஏஜென்சி, தளம், ஒப்பந்தம் என்று என்னை அலைய வைத்ததெல்லாம் இவர் கைவேலை, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. ஆனால் கோபம் வரவில்லை, அங்கேயே நின்று அழுதேன். நான் வந்தது தெரியாமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, பெட்டி நின்னுபோச்சு, சரி பண்ணிட்டோம் என்றார். சரி என்றேன்.

நீயும் அவரைக் கேட்டுவிடாதே. நானும் கேட்கவில்லை. யோசித்துப் பார், நீ சும்மா கூப்பிடும்போது என்ன நடக்கிறது? நல்லாருக்கீங்களாப்பா என்பாய், நல்லாருக்கேன், இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன் என்பார், அவ்வளவுதான், போன் என் கைக்கு வந்துவிடும். அவருக்குப் பேச ஆசை இல்லாமல் இல்லை, ஒரு காரணம் இல்லாமல் பேச வராது. வேலை ஏதாவது நடுவில் கிடந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். உன் ஞாயிற்றுக்கிழமையைத் திருடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, நீ முடியல என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கப்புறம் அந்தப் பிளக்கைத் தொடவே மாட்டார், உன்னையும் கூப்பிட மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

இப்போது அவசரமாக எழுதக் காரணம் இதுதான். ஒப்பந்தக் காகிதத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தப் பெண்ணையே வைத்துக்கொண்டோம். அவள் புரோகிராமை எங்கேயோ இன்டர்நெட்டில் ஒரு வாடகை இடத்துக்கு மாற்றப் போகிறாள், வருகிற மாதத்திலிருந்து ஆபீஸில் பெட்டியே இருக்காது, நிற்கவும் நிற்காது, இனி எது என்றாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். நீ கேட்ட ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைத்துவிட்டது. இதைச் சாப்பிடும்போது உங்கப்பாவிடம் சொன்னேன். நல்லதுதான், பிள்ளைக்கும் தொந்தரவு இல்ல என்றார். கை கழுவப் போனவர் திரும்பி வந்து, அப்ப அந்தப் பெட்டியை என்ன பண்றது என்று கேட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் மேலதிகாரி விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இராதே, செய்தது நீ என்றால் நீதான் என்று சொல்லு, இது எனக்குத் தெரிந்த மாதிரி உங்கப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே இரண்டு கையையும் உங்கள் தலைமேல் வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிறு சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோடு இங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீயாக அவரைக் கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, போன் என்னிடம் வந்துவிடும். குழாய் ஒழுகுகிறது, மிக்ஸி சுற்றவில்லை, சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஏதாவது சொல்லி, என்ன பண்றதுப்பா என்று கேள். உங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்றால், எனக்காக எதையாவது ஒன்றை உடைத்து வை.

உன் அம்மா