பேர் வேறு, மருந்து ஒன்று

குந்தாரப்பள்ளி,
மாசி மாதம்.

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதியே பழகிவிட்டேன், இந்த முறை அப்படி எழுத மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் தம்பி பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் கடிதம்.

மா பூவெடுத்ததும் தம்பி ஹரீஷுக்கு வழக்கம்போலத் தும்மலும் மூக்கடைப்பும் வந்துவிட்டன. கிருஷ்ணகிரி டாக்டர் மூக்கில் அடிக்கிற மருந்து எழுதிக் கொடுத்து, கேட்க நாளாகும், பொறுக்கணும் என்றார். இவனுக்குப் பொறுமை ஏது. உனக்கு அங்கே எழுதிக் கொடுத்த பாட்டில் ஒன்றை ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனாயே, அதையும் எடுத்துவந்து எது நல்லது என்று அப்பாவிடம் கேட்டான். உன் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தோப்பு மருந்துதான். மா பூவுக்கு ரெண்டு மருந்தக் கலந்துதான அடிக்கறோம், ஒண்ணுல போவாதது ரெண்டுல போவும், ரெண்டையும் அடிடா என்றார். அடித்தான். போதாதென்று மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓசூருக்கு வேலைக்குப் போனான். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நின்றபடியே கண் செருகிவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன, கண்ணு.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டிலையும் காட்டினேன். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேருதாம்மா வேற, ரெண்டு பாட்டில்லயும் அதே மருந்துதான், வீக்கத்துக்கு ஒண்ணும் அலர்ஜிக்கு ஒண்ணும் ஒவ்வொண்ணுலயும் கலந்தே இருக்கு, அலர்ஜி மருந்து சில பேருக்குத் தூக்கம் வரவைக்கும், மாத்திரையும் சேர்ந்தா கேக்கவே வேணாம் என்றார். அதனால்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உன் அப்பா அதைக் காதில் வாங்கவில்லை, தன்னால்தான் என்றே இருக்கிறார். தோப்புப் பக்கமே போவதில்லை, பூ கருகி உதிர்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் ஆறவில்லை, சோறு மட்டும் போட்டு வைக்கிறேன். கம்பெனியில் வேறு வேலை தருவதாகச் சொல்கிறார்கள், தந்தால்தான் நிச்சயம்.

உன் மேல் குற்றமில்லை, அழாதே. உனக்கென்று எழுதிய மருந்தை இனி யாருக்கும் கொடுக்காதே. குலசாமி உங்கள் எல்லோரையும் காக்கட்டும். இன்னொன்று, தம்பி இப்போதெல்லாம் எழுதாமல் பேசியே மெசேஜ் அனுப்புகிறான், சோம்பேறி ஆகிவிட்டான் என்று கேலி செய்தாயே, இனி அப்படிச் சொல்லாதே. அன்று நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். அப்புறம் இடது கையால் உனக்கு எழுதப் பார்த்தான், அக்கா என்பதைத் தாண்டவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா ருக்மணி