என் கையால் கட்டிய பிரவுசர்

மார்ச் 3, திங்கள்

நூலகத்துக்குப் போன் செய்தேன். நேர்முகத் தேர்வு முடிந்து மூன்று வாரம் ஆயிற்று, ஒரு தகவலும் இல்லையே என்று கேட்கத்தான். போனை எடுத்த பெண் ஃபைலைப் புரட்டிவிட்டு, "மேடம், நீங்கதானே வேலை வேண்டாம்னு எழுதினீங்க? போன மாசம் இருபதாம் தேதியே மெயில் வந்திருக்கே" என்றாள்.

நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரியாதா? அனுப்பிய மெயில்களில் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. போன வருஷம் அந்தப் பள்ளிக்கூட வேலையும் இப்படித்தான் கைநழுவியது. அப்போது என் மேல்தான் தப்பு என்று நினைத்து, நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன்.

ஏழு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவளுக்கு இந்த வயதில் கம்ப்யூட்டர் வேலை கிடைப்பதே பெரிது. இதையும் விட்டால் அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தின் கணினிப் பிரிவுத் தலைவியே கூப்பிட்டார். அதட்டலான குரல், ஆனால் நியாயமான மனுஷி. பதினெட்டாம் தேதி வரை இடத்தை வைத்திருப்பாராம். அதற்குள் என் சம்மதம் எழுத்தில் வர வேண்டும்.

சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பெரிய அலுவலகம் ஒன்றில் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை. எந்த மெஷின் படுத்தாலும் எழுப்பிவிடுவார் என்று அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரெடிமேடா இறக்கின பிரவுசர்லே யாரு என்ன வச்சிருக்கான்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார்.

சரிதான். அதனால் ஒரு முடிவு எடுத்தேன். பிரவுசரும் மெயிலும் முகவரிப் புத்தகமும் ஒன்றாக வரும் அந்தத் தொகுப்பை நானே சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்யப்போகிறேன். மனிதர்கள் எழுதிய கோடு முழுதும் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு நம் வீட்டிலேயே மாற்றிக்கொண்டால் நடுவில் யாரும் கை வைக்க முடியாது. நூலகத்திலும் பழைய லினக்ஸ் மெஷின்களுக்கு இதைச் செய்துதர வேண்டியதுதான் என் வேலையாக இருக்கும். ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆயிற்று.

அவருக்கும் சந்தோஷம். கோடை அப்படி மாற்றித்தருகிற கம்பைலரையும் மற்ற சாமான்களையும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். காலையில் ஆபீஸ் போவதற்குள் ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிடுவாராம்.

மார்ச் 6, வியாழன்

சோர்ஸை இறக்கினேன். அதை வெளியிட்டவர்களின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்துகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், பொருந்தியது. ஒன்பதரைக்குக் கம்பைல் ஆரம்பித்தேன். மெஷினின் ஃபேன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுத் தையற்காரம்மா மேலே வந்து, என்ன அரைக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டே முக்காலுக்கு எரர். மெமரி போதவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் அதேதான். மெமரி.

மார்ச் 9, ஞாயிறு

காலை காப்பி குடிக்கும்போது அவர் சொன்னார்: "மாடிப்படியிலே மயக்கம் வந்து உக்காந்துட்டியாமே. என்கிட்டே சொல்லவே இல்லையே."

சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் வேலைக்குப் போகாதே என்பார். அக்காவுக்கு மட்டும்தான் மெயிலில் எழுதியிருந்தேன். அக்காவுக்கு வாயில் எதுவும் நிற்காது.

மார்ச் 10, திங்கள்

அக்காவிடம் போனில் சண்டை போட்டேன். அவள் சொல்லவில்லையாம். "அவர்கிட்டே நான் பேசியே ஒரு மாசம் ஆச்சுடி. உன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாரு. தங்கமான மனுஷன். உனக்கென்ன குறைச்சல்?" என்றாள்.

என் முகத்தில் மாடிப்படி எழுதியிருக்குமா?

மெயிலை யாரோ திருடன் படிக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திருடன் என் மயக்கத்தை என் கணவரிடம் ஏன் போய்ச் சொல்லப்போகிறான்? — இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

முடிந்தது! நாலு வேலையை ஒரே நேரத்தில் செய்யவிடாமல், ஒரு நேரத்தில் ஒரு ஃபைல் என்று மாற்றினேன். ஏழு மணிநேரம். கடைசியில் ஜன்னல் திறந்து வெள்ளைப் பக்கம் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் செய்த ஒரு பொருள் இயங்குகிறது. அவர் வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். "என் பெண்டாட்டி கில்லாடி" என்றார். நேற்று நினைத்ததற்கெல்லாம் வெட்கமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

காலை பதினொன்றுக்கு, என் சொந்தப் பிரவுசரிலிருந்து, நூலகத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பினேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். நிம்மதி.

மார்ச் 13, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

நான் கட்டிய பிரவுசர் ஓடும்போது மெஷினிலிருந்து எந்தெந்தத் துணை ஃபைல்களைக் கூட அழைத்துக்கொள்கிறது என்று சும்மா பட்டியல் எடுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. எல்லாம் தெரிந்த பெயர்கள். ஒன்று மட்டும் தெரியாத பெயர், சோர்ஸில் எங்கும் இல்லாதது. சரி, கால்குலேட்டருக்குப் பட்டியல் எடுத்தேன், அங்கேயும் இருந்தது. கடிகாரத்தில் இருந்தது. சீட்டாட்டத்தில்கூட இருந்தது. இந்த மெஷினில் எது ஓடினாலும் அதற்கு முன்னால் அந்த ஃபைல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதன் வயிற்றைத் திறந்து பார்த்தேன். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் எழுதிவைத்து, தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு முகவரிக்கு அனுப்புகிறது. அவர் ஆபீஸ் முகவரி.

ஃபைலின் தேதியைப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாள்.

ஆறு வருஷமாக! அக்காவுக்கு எழுதியது, டாக்டரம்மாவுக்கு எழுதியது, எழுதி அனுப்பாமல் அழித்தது, எல்லாமே. கரு கலைந்தபோது யாருக்கும் சொல்லாமல் எனக்கு நானே தட்டிவைத்த நாலு வரி. அதையும் படித்துவிட்டுத்தான் அன்று சாயங்காலம் பழம் வாங்கி வந்தாரா? படுபாவி. எனக்கு அழுகைகூட வரவில்லை.

அக்காவிடம் காட்ட வேண்டும். நாளை அவர் ஆபீஸ் போனதும் அந்த ஃபைலைப் பிரதி எடுக்க வேண்டும். நல்லவேளை, இந்த நோட்டு காகிதம்.

மார்ச் 14, வெள்ளி

ஃபைல் இல்லை.

கால்குலேட்டர், கடிகாரம், சீட்டாட்டம், எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. எவ்வளவு பெரிய மடச்சி நான். நேற்று நான் தேடியதும் அதே கீபோர்டில்தானே! ஒவ்வொரு கட்டளையையும் அது எழுதிவைத்து ஆறு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது.

சாப்பிடும்போது, "மெஷினைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்மா. இப்ப வேகமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இன்னொரு கரண்டி பரிமாறினேன்.

மார்ச் 15, சனி

அக்காவிடம் சொன்னேன், தையற்காரம்மாவின் போனிலிருந்து. அவள் நம்பவில்லை. உனக்கு ரெஸ்ட் வேணும்டி என்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

அக்கா வீடு என்று சொல்லிவிட்டு நூலகம் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறினேன். மூன்று மணிநேரம். பிரிவுத் தலைவி என்னை உட்கார வைத்து, இரண்டு அச்சுப் பிரதிகளை மேஜையில் வைத்தார். ஒன்று, பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றுக்கு நான் எழுதிய சம்மதம். இன்னொன்று அதே நாள் மாலை ஆறரைக்கு என் முகவரியிலிருந்து போன மறுப்பு.

மறுப்பை எடுத்துப் படித்தேன். அடிக்கடி மயக்கம் வருகிறது, மாடிப்படிகூட ஏற முடியவில்லை, அவசரப்பட்டுச் சம்மதித்ததற்கு மன்னிக்கவும். எவ்வளவு அழகான கடிதம்! நான் எழுதுகிற மாதிரியே 'ஆகவே' என்று வாக்கியத்தை ஆரம்பித்திருந்தார் என் கணவர். படிக்கப் படிக்க, நான்தான் எழுதினேனோ என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

"இதுலே எதும்மா நீங்க?" என்று பிரிவுத் தலைவி கேட்டார்.

"ரெண்டையும் விடுங்க மேடம். நான் நேர்லே வந்திருக்கேன்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

வேலையில் சேரக் கிளம்பினேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றியவரே அவர்தான். ஜன்னல் பக்கம் குனிந்து, "தனியா இருக்கோம்னு மட்டும் நினைச்சுக்காதே" என்றார். பஸ் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 2, புதன்

நூலகத்தில் நாற்பது பழைய மெஷின்கள். எல்லாவற்றுக்கும் பிரவுசர் கட்டித்தர வேண்டும். முதலில் என் மேஜை மெஷினில் முயற்சி. வீட்டில் பிரவுசர் கட்டிய ஃபோல்டரை, கம்பைலரும் சாமான்களுமாக, அப்படியே பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். ஏழு மணிநேரம் உழைத்துக் கட்டியது, விட்டுவர மனசு வரவில்லை. சோர்ஸின் கையெழுத்தை நானே சரிபார்த்தது. அந்த வீட்டில் நான் நம்பிய ஒரே பொருள் அதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். அவர் ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு வருகிறாராம். ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். "அப்படிப்பட்டவரை விட்டுட்டு எப்படிடி உனக்குத் தூக்கம் வருது?" என்றாள். வரத்தான் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பிரிவுத் தலைவி அனுப்பிய வக்கீலம்மாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் அந்த ஃபைல் போய்விட்டது, மறுப்புக் கடிதமோ என் முகவரியிலிருந்து போனது. "அவர் பேர்லே, அவரே எழுதின ஒரு துண்டுச் சீட்டாவது வேணும்" என்றார். அவர்தான் தன் பேரில் ஒன்றும் எழுதுவதே இல்லையே. எல்லாவற்றையும் என் பேரில் அல்லவா எழுதுகிறார்!

ஏப்ரல் 15, செவ்வாய்

அறை வாசலில் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. பகலிலேயே இப்படி.

ஏப்ரல் 22, செவ்வாய்

நூலக மெஷின்களுக்கான கம்பைல் காலை பத்து மணிக்கு நின்றுபோனது. எரர், கடைசிக் கட்டத்தில், எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும்போது. அறையில் நான் மட்டும்தான். யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பத்து நாற்பதுக்கு மெயில் வந்தது. அவருடைய பெயரில், அவருடைய முகவரியிலிருந்து.

"கடைசியில் இணைக்கும்போது நின்றுவிட்டதே, பாவம். மெமரி இல்லை, அந்த மெஷினில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய பதிவுகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டு. சரியாக வரும்."

டிஸ்க்கைப் பார்த்தேன். நிரம்பித்தான் இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. சோர்ஸை வரிவரியாகச் சந்தேகப்பட்டேன். பிரவுசரைச் சந்தேகப்பட்டேன், மெஷினைச் சந்தேகப்பட்டேன். கம்பைலரை மட்டும் சந்தேகப்படவில்லை. அது அவர் ஃபோல்டரில் அடுக்கிக் கொடுத்தது. சமைத்தது நான்தான், ஆனால் சட்டி அவருடையது. அதைக் கொண்டு எதைக் கட்டினாலும் அதற்குள் அவரும் சேர்ந்தே வந்திருக்கிறார். பென் டிரைவில் போட்டு நானே அவரை இங்கே கூட்டிவந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழிக்கத்தான் கை போனது. பிறகு நிறுத்திக்கொண்டேன். பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மெயிலை இரண்டு தடவை படித்தார். இந்த மெஷினை இனி யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தானே கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது மெஷின்களில் ஒன்றில்கூட இன்னும் ஏற்றவில்லை என்று சொன்னேன். தலையாட்டினார்.

மெயிலை மூன்று பிரதி அச்செடுத்தோம். ஒன்று வக்கீலம்மாவுக்கு. ஒன்று நூலகத்துக்கு. ஒன்றைக் கவரில் போட்டு அக்காவின் முகவரி எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு, அவருக்கு ஒரே ஒரு வரி பதில் எழுதினேன்: இந்த மெஷினில் டிஸ்க் நிரம்பியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அனுப்பியது பதினொன்றே காலுக்கு. இப்போது மணி ஐந்து. பதில் இல்லை.