மிச்சமுள்ள கிட்னி வளரும்

இராஜபாளையம்,
ஆனி, 1992

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று பேச்சு பாதியில் இருக்கும்போதே மில் சங்கு ஊதியது. "ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு ஓட்டுவ?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பதிலை இப்போது கேளுங்கள்.

அந்தச் சங்கு ஊருக்கே கேட்டது. ஆனால் நம் தெருவில் எழுந்து போனது நீங்கள்தான், ஏனென்றால் அது உங்கள் ஷிப்ட். ஹார்மோனும் அப்படித்தான். ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். தனக்கான ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல்தான் அதற்குக் காதுகொடுக்கும். ஒரு கிட்னியை எடுத்தால் மற்றதன் செல்களுக்குச் சேதி போகும், அவை பருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். படிக்கும்போது ஆய்வுக்கூடத்து எலிகளில் நானே பார்த்திருக்கிறேன். எந்தெந்த ஹார்மோன் என்பதில்தான் இன்னும் சண்டை. வளர்வதில் சண்டையே இல்லை.

ஆகவே இரண்டு கிட்னியும் கெட்டுப்போன என் தம்பிக்கு ஒன்றைக் கொடுக்க, நாளை அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். ஆவணியில் பாப்பாவுக்குக் காது குத்த ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் சொல்லியாயிற்று. தாய்மாமன் இல்லாமல் அவளை யார் மடியில் உட்கார வைப்பது?

புதன்கிழமை ஆபரேஷன். காலையில் நீங்கள் வந்து கையெழுத்துப் போடுவீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

பாப்பாவை உங்கள் அம்மாவிடம் விட்டு வாருங்கள். என் சேலையைப் பிடித்துக்கொண்டால்தான் அவள் தூங்குவாள். நேற்று உடுத்திய பச்சைச் சேலை கொடியில் கிடக்கிறது. நான் வரும்வரை அதை யாரும் துவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா