ஆறு மணி இரைச்சல்

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்டோர் ரூமுக்கு என்னைத் தள்ளி இன்றோடு ஒரு வாரம். பழைய வாக்கி-டாக்கிகளைத் துடைத்து, நம்பர் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மலைமேல் என் ஆன்டெனா தெரியும். அதனால் திறப்பதில்லை.

என் ஆன்டெனா என்றுதான் எழுதுவேன். கம்பத்தில் ஏறியது நான், கேபிள் இழுத்தது நான், ரிப்பீட்டரை ட்யூன் செய்தது நான். எங்கள் ஆம்புலன்ஸ்கள் ஓடும் மலைப்பாதையில் பாதி தூரம் செல்போன் எடுக்காது. ஓட்டுநரின் வாக்கியிலிருந்து வரும் மெல்லிய குரலை மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொன்னால்தான் கீழே கட்டுப்பாட்டு அறையில் கேட்கும். அந்தப் பெட்டியின் வேலை அவ்வளவுதான். அதை அப்படிச் செய்யவைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது, இரண்டு நகமும் போனது.

திறப்பு விழாவில் மேலாளர் — அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத அந்தக் கூலிங்கிளாஸ் — நிர்வாகக் குழுவிடம் என்ன சொன்னார்? "நானே டிசைன் பண்ணி, நானே நின்னு போட்டது." என்னைக் கைகாட்டி, "இந்தப் பொண்ணு கேபிள் புடிச்சு ஒத்தாசை பண்ணுச்சு." ஒத்தாசையாம்! நாற்பத்திரண்டு வயதில் நான் கேபிள் பிடிக்கிற பொண்ணு!

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன், "எந்தக் கம்பத்துல சார் ஏறினீங்க?" என்று. மறுநாளே ஸ்டோர் ரூம். கட்டுப்பாட்டு அறை அக்கா ஒருத்திதான் குழுத் தலைவரிடம் நேராகப் போய், "இதப் போட்டது இவதான் டாக்டரம்மா" என்றாள். தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மலைமேல் ரிப்பீட்டர் இருக்கும் அறையின் வெளிச்சுவரில் இப்போது பலகை வேறு. ஆள் உயரம், உள்ளே எல்.இ.டி. விளக்கு, கொட்டை எழுத்தில் அவர் பெயர். வயிறு எரிகிறது.

பிப்ரவரி 26, புதன்

அக்கா போன் செய்தாள். "ஏய், உன் பெட்டிக்கு என்னடி ஆச்சு? சாயங்காலம் ஆனா ஒரே இரைச்சல். காது கிழியுது. வண்டிக்காரங்க பேசறது பாதிதான் புரியுது."

கூலிங்கிளாஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீ போட்ட ஜாயின்ட்டுல ஏதோ கோளாறு. போய்ப் பாரு." பாருங்கள்! நன்றாக ஓடினால் அவர் போட்டது, கோளாறு என்றால் நான் போட்டது.

ஏறினேன். பதினெட்டு மீட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேபிளில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் ஒன்றுமே திரும்பி வரவில்லை; வந்தால்தான் கோளாறு. இறங்கும்போது மணி மூன்று. இரைச்சலும் இல்லை. என் வேலையில் குறை இல்லை. பின்னே எங்கிருந்து வருகிறது?

பிப்ரவரி 27, வியாழன்

மறுபடி ஏறினேன். மறுபடி ஒன்றும் இல்லை. "உனக்குக் கல்யாணம் ஆனது என்கூடவா, அந்தக் கம்பத்துகூடவா?" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 3, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

அக்காவின் பதிவேட்டைப் புரட்டினேன். வாரம் முழுக்க ஒரே வரி: "ஆறு மணி முதல் இரைச்சல்." ஐந்தே முக்கால் இல்லை, ஆறேகால் இல்லை. ஆறு. மழை மணி பார்த்துப் பெய்யுமா? காற்று மணி பார்த்து அடிக்குமா? மணி பார்த்து வருவது மனிதன் வைத்ததாகத்தான் இருக்கும்.

மாலை ஐந்தரைக்கே மலையறைக்குப் போய் வாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக ஆறு மணி. சுவருக்கு வெளியே 'டக்' என்று ஒரு டைமர். பலகை எரிந்தது. வாக்கி அலறியது.

பலகையின் சுவிட்சை அணைத்தேன். அமைதி. போட்டேன். அலறல். அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன் — பத்து முறையாவது இருக்கும், பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டு. பலகைக்குள் இருக்கும் மட்டமான பவர் சப்ளைதான் இரைச்சலைக் கக்குகிறது. இரண்டடி தள்ளி இருக்கும் ரிப்பீட்டரின் காதை அடைக்கிறது.

அவன் பெயரே ரேடியோவைச் செவிடாக்குகிறது. இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

இப்போதே போய்ச் சொன்னால்? பலகையைச் சத்தமில்லாமல் கழற்றுவான். "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்பான். மாட்டேன். வியாழக்கிழமை நிர்வாகக் குழு மலைக்கு வருகிறது. பலகையை எரியவிட்டு அழகு காட்டுவதற்காகவே சரியாக ஆறு மணிக்கு அழைத்து வருகிறான். வரட்டும். எல்லோர் முன்னாலும் அவன் முகத்தில் கரியைப் பூசுகிறேன்.

அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. நல்லது, அவளுக்கு ரகசியம் தாங்காது.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்ததும் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். கூலிங்கிளாஸ் வெளியிலிருந்து ஒரு டெக்னீஷியனை வரச்சொல்லியிருக்கிறான், இன்று மாலைக்கு. விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் பத்து நிமிடத்தில் பலகையைக் கைகாட்டிவிடுவான். என் வியாழக்கிழமை போச்சு.

மதியமே மலைக்குப் போனேன். ரிப்பீட்டரில் ஸ்குவெல்ச் என்று ஒரு திருகு உண்டு. எந்தச் சத்தத்தை உள்ளே விடுவது, எதைக் குப்பை என்று தள்ளுவது என்பது அதன் கையில். அதை நன்றாக இறுக்கினேன். இனி ஆறு மணிக்கு இரைச்சல் கேட்காது. மிக மெல்லிய குரலும் கேட்காதுதான். ஆனால் குரல் அவ்வளவு மெலிவது கடைசி வளைவில் மட்டும். அங்கே எந்த வண்டி நிற்கப்போகிறது? இரண்டு நாள்தானே.

மாலை ஆறு. அமைதி. டெக்னீஷியனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூலிங்கிளாஸ் வராந்தாவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "காலையில நான் போன்ல ரெண்டு வார்த்தை சொன்னேன், சரியாயிடுச்சு பாத்தியா?" என்கிறான். யாரிடம் என்ன சொன்னானாம்? ஆடு ராசா, ஆடு. இன்னும் இரண்டு நாள்.

மார்ச் 5, புதன்

நாளை! என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மூன்றாம் வண்டி ஓட்டுநர் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "நேத்து ஆறே முக்காலுக்கு கடைசி வளைவுல ஆக்ஸில் முறிஞ்சு நின்னுட்டேன். உள்ள ஒரு பெரியவர், நெஞ்சு வலி. முப்பத்தஞ்சு நிமிஷம் கத்தினேன் வாக்கியில. ஒரு பதில் இல்ல. ஒரு காய்கறி லாரிய மறிச்சு ஏத்திவிட்டேன்." பெரியவர் தீவிர சிகிச்சையில் இருக்கிறாராம். உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் குடித்தேன். அப்புறம் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: இதுவும் அவன் தலையில் விழட்டும் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு மலைக்குப் போய்த் திருகைப் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன். ஐந்தரைக்கு டாக்டரம்மாவும் குழுவினர் நான்கு பேரும் வந்தார்கள். கூலிங்கிளாஸ் புதுச் சட்டை. ஆறு மணிக்குக் கையை உயர்த்தி, "இப்பப் பாருங்க!" என்றான். பலகை எரிந்தது. கேட்டுப் பார்ப்பதற்காக அவன் எல்லோர் கையிலும் கொடுத்திருந்த வாக்கிகள் ஒன்றாக அலறின. டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டார். நான் போய் ஒயரைப் பிடுங்கினேன்.

அந்த அமைதி! ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

"நேத்து மூணாம் வண்டி கத்தினது கேக்காமப் போனதுக்கு இதுதான் காரணம், டாக்டரம்மா. சாரோட பேர்தான் காரணம்." அவன் முகம் வெளுத்தது கறுப்புக் கண்ணாடியை மீறித் தெரிந்தது. டாக்டரம்மா என்னைக் கேட்டார்: "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

வாயில் தானாக வந்தது.

மார்ச் 8, சனி

அவன் லேசுப்பட்டவன் இல்லை. அக்காவின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறான். திங்கள் வரை தினமும் "ஆறு மணி முதல் இரைச்சல்." செவ்வாய்: "இரைச்சல் இல்லை, தெளிவு." புதன்: "இரைச்சல் இல்லை, தெளிவு." அக்காவின் முத்து முத்தான கையெழுத்து.

"புதன்கிழமை இரைச்சலே இல்லையே? அப்ப பலகை மேல எப்படிப் பழி போடுவீங்க? வண்டி கூப்பிட்டிருக்கு, இந்தம்மா சீட்டுல இல்ல." அவ்வளவுதான். அக்காவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை.

போனில் அழுதாள். பதின்மூன்று வருடத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. "நான் சீட்டுலதாண்டி இருந்தேன். தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. ஒரு சத்தம் வரல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு, தூங்கிட்டேனோ?"

"இல்லக்கா, நீங்க தூங்கல" என்றேன். திருகைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். குற்றவாளிக் கூண்டில் பலகை போய், திருகு வந்துவிடும். அவன் போய், நான் வந்துவிடுவேன். சொல்லாவிட்டால் அக்கா. — ஏன் என்னை இப்படி மாட்டிவிட்டாய் பாவி? யாரைக் கேட்கிறேன்? திருகியது யார் கை?

மார்ச் 10, திங்கள்

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருகு, பலகை, கண்ணாடி முன் பேசிப் பார்த்தது உட்பட.

திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். "பலகைதான்னு எப்பக் கண்டுபிடிச்ச?"

"போன திங்கக்கிழமை."

"எப்பச் சொன்ன?"

"வியாழக்கிழமை."

"மூணு நாள் வச்சிருந்திருக்க." அடுத்த துணியை எடுத்தாள். "இன்னைக்கும் திங்கக்கிழமை. விசாரணை வியாழக்கிழமை. அதுவரைக்கும் நானும் வச்சிருக்கேன். எல்லாரும் கூடி இருக்கும்போது பாத்துக்கலாம்."

"இப்பவே டாக்டரம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் போயி—"

"போயிட்டு வா."

கதவு வரைகூட வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அக்காவுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நானே டாக்டரம்மாவிடம் போயிருக்கலாமே? வாசல் வரை போனேன், திரும்பிவிட்டேன். அக்கா சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று ஒரு நப்பாசை. சீ.

மார்ச் 12, புதன்

சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. இப்படிக் காக்கவைப்பதற்கு அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தேன். தெரிந்த ஆள்தான்.

மார்ச் 13, வியாழன்

நீளமான மேசை. டாக்டரம்மா நடுவில். கூலிங்கிளாஸ் பதிவேட்டைத் திறந்து புதன்கிழமை வரியை வாசித்துக் காட்டினான். "இதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்று டாக்டரம்மா அக்காவைக் கேட்டார்.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். "நான் எழுதினது உண்மை. சீட்டுல இருந்ததும் உண்மை. வேற எதுவும் நான் சொல்றதுக்கு இல்ல." உட்கார்ந்துவிட்டாள்.

காட்டிக்கொடுக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அக்காவின் வேலை போய்விடும்.

எழுந்துவிட்டேன். கண்ணாடி முன் பேசிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட உதவவில்லை. "திருகை இறுக்கினது நான்" என்று ஆரம்பித்தேன். முடித்தபோது கூலிங்கிளாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை.

மார்ச் 21, வெள்ளி

என் வேலை போய்விட்டது; மலையறைச் சாவியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பலகையைக் கழற்றிவிட்டார்கள், அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், வேலை அப்படியே. அக்கா திங்களிலிருந்து பணிக்கு வந்துவிட்டாள். போன் இன்னும் எடுக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போனேன். பெரியவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வாசல் பெஞ்சில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்க். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் இடம் விட்டாள்.

"உங்களுக்கும் உள்ள ஆளா?"

"உங்க அப்பாவத்தான் பாக்க வந்தேன். ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல இருந்தேன்."

அவள் முகம் மலர்ந்தது. ஓட்டுநரைப் புகழ்ந்தாள், லாரிக்காரரைப் புகழ்ந்தாள். அப்புறம் குரல் மாறியது. "ரேடியோவ யாரோ வேணும்னே கெடுத்து வச்சிருந்தாங்களாமே? அப்பாவுக்கு இனிமே மாடி ஏற முடியாது, தெரியுமா? அது யாருன்னு மட்டும் தெரியட்டுங்க. நான் யாருன்னு காட்டுறேன்."

அவள் கை பிளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம்.

"நான்தாங்க" என்றேன்.

அவள் மூடியை இறுக்குவதை நிறுத்தினாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வருவாளா, வந்தால் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.