வழித்துணை

மந்த்,
பேரீச்சை இறக்கி முடித்த வாரம்.

மதிப்புக்குரிய என் கணவர் சப்ஸல் அவர்களுக்கு, கிரானாஸ் சலாம் கூறி எழுதுவது.

இறைவன் கருணையால் நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெயிலில் சாரம் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே செல்போன் டவர் மறுபடியும் வேலை செய்யவில்லை. செய்தாலும் இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன். லால்பக்ஷ் மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பேரீச்சை இந்த வருடம் நல்ல காய்ப்பு. கூலி ஆள் வைத்து இறக்கினேன். உங்கள் தம்பி தில்முராத் எங்கே போனார் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், அனல்காற்று வீசிக்கொண்டிருந்தபோது, நம் வாசலில் ஷம்பே வந்து நின்றான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியால் தம்பியின் இடது கண்ணைப் போக்கிவிட்டு ஈரான் பக்கம் ஓடிய அதே ஷம்பேதான். காகிதம் இல்லாதவர்களை அங்கே விரட்டுகிறார்களாம். நிறைமாத மனைவி மாஹ்லபை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு அவள் அப்பா ஊருக்குப் போகும் வழியில் வலி கண்டுவிட்டது. கணவாய் இறங்கினால் முதல் வீடு நம்முடையது. அவள் நம் கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது யார் வீடுன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன செய்ய? உங்கள் பெயரைச் சொல்லி அடைக்கலம் கொடுத்தேன்.

சேதி தெரிந்து தம்பி துப்பாக்கியோடு வந்தார். "அண்ணி, வழிய விடுங்க" என்றார். "உங்க அண்ணன் இருந்தா செய்யறதைத்தான் செஞ்சிருக்கேன் தம்பி" என்றேன். உள்ளே மாஹ்லபின் முனகல் கேட்டது. தம்பி துப்பாக்கியை இறக்கினார். "அண்ணன் இங்க இருந்திருந்தா நான் ஏன் இப்படித் தனியா நிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது.

மாஹ்லப் தேறி எழுந்ததும் வேறு கவலை பிடித்தது. உங்கள் பெரியப்பா மகன்கள் தம்பி கண்ணுக்குப் பழிதீர்க்க மோட்டார் சைக்கிளோடு பாதையில் காத்திருந்தார்கள். அடைக்கலம் வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்ட விடுவதும் வீட்டுக்காரர் பொறுப்புதானே. நீங்கள் இல்லை, பிள்ளைகள் சிறுசுகள். நான் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எதற்கு வந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னையா கேக்கறீங்க அண்ணி?" என்றார். "நம்ம வீட்டுல வேற ஆம்பள யாரு இருக்கா" என்றேன். தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். பிறகு எழுந்து வந்தார்.

ஷம்பே ஒட்டகத்தைப் பிடித்து நடக்க, அவனுக்கு முன்னால் தம்பி துப்பாக்கியோடு நடந்தார். பாதையில் நின்றவர்கள் அவரைக் கண்டதும் வண்டிகளை ஓரம் கட்டினார்களாம். ஊர் எல்லையில் ஷம்பே தம்பியின் காலைத் தொடக் குனிந்திருக்கிறான். "உனக்காக வரல. திரும்பிப் பாக்காம போ" என்றாராம். இதெல்லாம் தம்பி மனைவி சாஸின் பிறகு சொன்னது.

ஊர் அவரைக் கொண்டாடும் என்று நினைத்தேன். பெரியவர்கள் மெச்சத்தான் செய்தார்கள். ஆனால் தேநீர்க்கடையில் எவனோ, "ஒத்தக் கண்ணப் புடுங்குனவனுக்கு வழி காட்ட, மிச்சக் கண்ணு போதும்போல" என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். தம்பி பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அடுத்த வாரமே குடும்பத்தோடு கராச்சிக்குக் கிளம்பிவிட்டார். லியாரியில் அறை எடுத்து, ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறாராம். ஆடுகளை நம் பட்டியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். விடைபெற சாஸின் மட்டும் வந்தாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "கோபம்னா சத்தம் போட்டிருப்பாருக்கா. ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

கதவைத் திறந்ததற்கு நான் வருந்தவில்லை. அந்தக் குழந்தை எங்கேயோ பால் குடித்துக்கொண்டிருக்கும். வழித்துணைக்கு இவரைக் கூப்பிட்டேனே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஊர்த் தலைவரிடம் போய் ஆள் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. நீங்கள் கடல் தாண்டிப் போனதிலிருந்து நம் வீட்டில் எது என்றாலும் அவரைக் கூப்பிட்டே பழகிவிட்டேன்.

உங்களுக்கு விடுமுறை கிடைத்துவிட்டதாக லால்பக்ஷ் சொன்னார். ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். நேரே ஊருக்கு வரக் குவாதர் விமானத்தில் ஏறாதீர்கள். கராச்சிக்குப் போங்கள். நான் செய்தது சரியா தவறா என்ற பேச்சே அங்கே வேண்டாம். அவரோடு தங்குங்கள், அவரோடு வேலைக்குப் போங்கள், அவராகப் பேசும்வரை இருங்கள். விடுமுறை முழுவதும் அங்கேயே கழிந்துபோனாலும் நான் எதுவும் கேட்கமாட்டேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இறைவன் உங்கள் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கட்டும்.

உங்கள்,
கிரானாஸ்