ரைய்யா கட்டிக் கொடுத்த இலைக்கொத்து

செப்டம்பர் 7, ஞாயிறு

வீட்டிலேயே கழுவின மூன்றாவது பிலிமும் போச்சு. பிரிண்ட் போட்டால் வானத்தில், ஏரியில், யோர்மாவின் வழுக்கையில் எல்லாம் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி. "பனிக்காலம் வர்றதுக்குள்ள என் மண்டைல பனி பெய்ய வெச்சுட்டியே துவுலா" என்கிறார். கட்டின மனுஷனுக்குக் கிண்டல் வேறு.

நடுக்கோடைத் திருநாளில் எடுத்த பிலிம் இன்னும் கழுவாமல் இருக்கிறது. தொடவே பயம்.

செப்டம்பர் 13

ஔலுவிலிருந்து அக்கா ரைய்யா போன் செய்தாள். "எங்கடி நம்ம படம்?" கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

அம்மா போன பிறகு நான் அவள் இருந்த ஏரிக்கரை வீட்டை விற்கச் சொன்னேன். விற்றோம். அதிலிருந்து ஒன்பது வருடம் அக்கா என்னோடு பேசவில்லை. இந்த ஜூனில், நடுக்கோடைத் திருநாளுக்கு, தானாகவே வந்தாள். பிர்ச் மரக்கிளைகளை ஒடித்து, நாங்கள் நீராவிக் குளியல் எடுக்கிற சவுனா அறைக்கு இலைக்கொத்து கட்டிக் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது அந்த ஒரு பிலிமில்தான். அதிலும் புள்ளி விழுந்தால்? "நீ தொட்டது எது உருப்பட்டுச்சு?" என்பாள். வீடு விற்ற அன்றைக்கும் அதைத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 21

பிலிம் கழுவப் புது மருந்து வாங்கினேன். தண்ணீரைக் காபி வடிகட்டும் தாளில் வடித்தேன். புள்ளி.

செப்டம்பர் 22

யோர்மா: "காபியாவது நல்லா வந்துச்சா?"

அக்டோபர் 4

கழுவின ஈர பிலிமை இரண்டாக வெட்டினேன். பாதியை வழக்கம்போல் சவுனாவில் காயவிட்டேன், பாதியைக் குளியலறையில். குளியலறைப் பாதி பளிச்சென்று இருக்கிறது!

அப்படியானால் சவுனாவா? வீட்டிலேயே தூசி அண்டாத இடம் அது ஒன்றுதானே? யோர்மாவின் அப்பா பிறந்ததே சவுனாவில்தான். யோர்மாவுக்குக் கோபம். "சவுனாவப் போயி சந்தேகப்படறியா? தேவாலயத்தச் சந்தேகப்படு, பொறுத்துக்கறேன்."

அக்டோபர் 5

காலையில் சவுனாவில் உட்காருகிற மேல் பலகையில் ஏறி நின்று பார்த்தேன். நான் பிலிம் மாட்டுகிற கம்பிக்கு நேர் மேலே, கூரை ஆணியில், அக்காவின் இலைக்கொத்து. சனிக்கிழமைதோறும் முதுகில் அடித்துக்கொள்ளத்தான் கட்டிக் கொடுத்தாள். உதிர்ந்து தீர்ந்துவிடுமே என்று ஒரு தடவைகூட எடுக்காமல், ஜூனிலிருந்து மாட்டியே வைத்திருக்கிறேன். சருகாகிவிட்டது. விரல் பட்டதும் பொடி கொட்டியது. ஈர பிலிமில் அதுதான் வந்து ஒட்டி, வெளிச்சத்தை மறைத்து, பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது.

அடி பைத்தியக்காரி. பொத்திப் பொத்தி வைத்து என்னடி கண்டாய்? பலகையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் போலவும் இருக்கிறது.

அக்டோபர் 6

பழைய பிலிம்களைத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். முக்கால்வாசிப் புள்ளி போய்விட்டது. யோர்மாவுக்கு வழுக்கை திரும்பக் கிடைத்தது.

அக்டோபர் 11

நடுக்கோடை பிலிமைக் கழுவிவிட்டேன். குளியலறையில் காய்கிறது. கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். யோர்மா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 12

முப்பத்தாறு படம். ஒரு புள்ளி இல்லை. யோர்மா எடுத்த ஒன்றில் நான் கிளைகளைப் பிடித்திருக்கிறேன், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறாள்.

நவம்பர் 1, சனி

அக்கா மதிய ரயிலில் வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோ கிழவியாவா ஆயிட்டோம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புள்ளி வந்த கதையைச் சொன்னேன்.

"அடிச்சுக்கத்தானடி கட்டிக் குடுத்தேன், கும்பிடறதுக்கா?"

கொத்தை வெந்நீரில் ஊறவைத்தாள். சருகு மறுபடி பச்சையானது. சவுனாவில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, ஓங்கி ஓங்கி அடித்தாள். "போதுமா?" என்றாள். "இன்னும்" என்றேன். கொத்தில் வெறும் குச்சிதான் மிச்சம்.

முதுகு முழுக்க இலை ஒட்டிப் பச்சைப் புள்ளி என்கிறாள் அக்கா. கழுவிக்கொள்ளாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.