ஓரத்தில் நின்ற மூட்டைப் பேய்

மார்ச் 4, திங்கள்

கடையில் இன்று ஒரு அம்மா இருக்கிற ஃப்ரேமையெல்லாம் மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, போட்டுக்கொண்டு வந்த பழைய கண்ணாடியே போதும் என்று கிளம்பிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தால் பொறுமை தானாக வந்துவிடும் என்பார் முதலாளி. அவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும்.

வீட்டில் நம்ம துரை, குடோனில் பகல் முழுக்கப் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய களைப்போடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர். கல்யாணமான புதிதிலிருந்து இருவரும் சேர்ந்து ஆடுகிற அதே பாழடைந்த அரண்மனை ஆட்டம். அதில் எல்லாப் பேயும் அடிக்க வரும்; ஒன்று மட்டும் ஓடும். மூட்டைப் பேய் என்று நாங்கள் வைத்த பெயர். திரையின் ஏதாவது ஒரு ஓரத்தில் முளைக்கும், முதுகு மூட்டையைக் கலகலவென்று குலுக்கும், ஒரு இளிப்பு இளிக்கும், கிட்டப் போவதற்குள் சுவருக்குள் புகுந்துவிடும். அதற்குள் அடித்தால் மூட்டை உடைந்து மாணிக்கமாகக் கொட்டும். அது சேர்ந்தால்தான் கடைசிக் கதவு திறக்கும்.

ஒரு காலத்தில் அவர் ஒன்றைக்கூட விட்டதில்லை. இப்போது ஒன்றும் மாட்டுவதில்லை. "சத்தம் கேக்குது, ஆளைக் காணோம். அப்டேட்ல ஏதோ திருட்டு வேலை பண்ணிருக்கானுங்க" என்கிறார். எனக்குத் தெரிகிறதே என்றேன். "உன் அதிர்ஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 10, ஞாயிறு

ஆட்டம் செய்த கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்! மின்சாரம் போனால் ஒரு போன் பண்ணமாட்டார், பேய் குறைந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். "மூட்டைப் பேய்கள் வேண்டுமென்றே மறைக்கப்படுகின்றன" என்று வாசித்துக் காட்டியபோது என்னால் அடக்க முடியவில்லை. என் தம்பியும் வந்திருந்தான். அவனும் அதே குடோனில்தான், பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. இவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். "மாமா, பேய்க்கு யூனியன் வச்சுத் தருவீங்க போலிருக்கே" என்றான். இவரும் சிரித்தார்.

மார்ச் 12, செவ்வாய்

குடோனில் சரக்கு அடுக்குகிற ஒரு ரேக்கின் காலை வண்டியால் இடித்துவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் வளைந்துவிட்டதாம். கண்தானோ?

மாலையில் விடாப்பிடியாகக் கடைக்கு வரவழைத்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். நானே உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தார். என்னாலேயே படிக்க முடியாத வரி. "இப்போ திருப்தியா டாக்டரம்மா?" என்றார். திருப்திதான். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 13, புதன்

கம்பெனியிலிருந்து பதில்: அப்படி எந்த மாற்றமும் செய்யவில்லையாம். அவர் நம்பவில்லை.

மார்ச் 23, சனி

ஒரு வழி கண்டுபிடித்தேன். மூட்டைப் பேய் ஆளைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடும். அதனால் நான் முன்கூட்டியே இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டால் அது சுவரை விட்டு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் அவர் விடமாட்டார், ஒரே அடி. இன்று மூட்டை மூட்டையாக உடைத்தார். "பார்த்தியா, புகார் எழுதினதும் சரி பண்ணிட்டானுங்க" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

நான் சொல்லவில்லை. எத்தனை நாளாயிற்று இவர் இப்படிச் சிரித்து. குடோனில் மேலாளர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான், சம்பள உயர்வு இல்லை, வீட்டிலாவது ஜெயிக்கட்டும். ஆனால் வலது ஓரத்தில் வருவது எப்போதாவது கண்ணில் படுகிறது, இடது ஓரத்தில் வருவது படவே இல்லை— ஏன்? எழுத்தெல்லாம் படித்தாரே. கவனம் இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாள் நாசமாகப் போயிற்று.

தம்பி சாப்பிட வந்தான். சாப்பிட்டுவிட்டு நாங்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தான். அவனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "அக்கா, நீ ஏன் எப்பப் பார்த்தாலும் ஓரத்துலயே நிக்கிற? பேயை விரட்டி விரட்டி மாமாகிட்ட அனுப்புறியா? சின்னப் புள்ளைக்கு ஊட்டி விடுற மாதிரி?" நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கன்ட்ரோலரை விசிறியடித்தார், சுவரில் பட்டு மூடி தெறித்தது. தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், மடையன். "இனிமே என் எதிர்ல வராதடா. வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். மாடிப்படி வரைக்கும் கேட்டிருக்கும். கீழ் வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள்.

இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பொம்மைப் பேய்க்காக. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

தம்பி கால் மேல ஃபோர்க்லிஃப்ட் ஏறிடுச்சு. ஓட்டினது இவர்.

ஏப்ரல் 10, புதன்

வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே. ஆபரேஷனுக்குக் கையெழுத்து அம்மா போட்டாள், என்னைப் போட விடவில்லை.

குடோன் கேமராவில் எல்லாம் இருக்கிறதாம். தம்பி தரையில் நடப்பவர்களுக்குப் போட்ட மஞ்சள் கோட்டின் மேல்தான் வந்திருக்கிறான். வண்டி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து ஒதுங்கி ரேக்கோடு ஒட்டி நின்று கையை ஆட்டியிருக்கிறான், கத்தியிருக்கிறான். குடோனில் சுற்றும் பெரிய மின்விசிறிகளின் இரைச்சலில் என்ன கேட்கும்? வண்டி நிதானமாக இடது பக்கம் திரும்பி அவன் மேலேயே போயிருக்கிறது. நடுவில் எந்த மறைப்பும் இல்லை. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம்.

அம்மா என்னை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிறுத்தினாள். "சொன்னதைச் செஞ்சுட்டான் உன் புருசன். ஞாயித்துக்கிழமை சொன்னான், செவ்வாய்க்கிழமை செஞ்சுட்டான். நீ உள்ள வராத" என்றாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தம்பி விழித்துக்கொண்டுதான் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 11, வியாழன்

அவர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். "அங்க யாரும் இல்ல. நான் பார்த்துட்டுத்தான் திருப்பினேன். யாரும் இல்ல." போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டு, கேமராப் படத்தைக் காட்டி, "இது யாருங்க அப்போ, பேயா?" என்று கேட்டாராம்.

என்னிடமும் கேட்டார்கள். கண் பார்வை எப்படி என்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்— சார், நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன், போன மாதம் நானே சோதித்தேன், கடைசி வரிவரைக்கும் படித்தார், குறையே கிடையாது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் போலீஸ்காரர் அவரைப் பார்த்த பார்வை புரிந்தது. குறையில்லாத கண்ணோடு பார்த்து ஏற்றியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

எனக்கே ஒரு நொடி— எழுதக்கூடாது. எழுதிவிடுகிறேன். எனக்கே ஒரு நொடி, வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்று தோன்றியது. பக்கத்தில் படுத்திருக்கிற மனிதனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 18, வியாழன்

மதியமே கடையிலிருந்து வந்துவிட்டேன், தலைவலி. அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணை முடியவேண்டும். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. உடைந்த கன்ட்ரோலருக்கு டேப் சுற்றி, தனியாக ஆடிக்கொண்டிருந்தார். இந்த நிலைமையில் ஆட்டமா என்று வாயைத் திறக்கப் போனேன்.

திறக்கவில்லை. திரையின் இடது மூலையில் மூட்டைப் பேய் நின்றுகொண்டிருந்தது. ஓடவே இல்லை, இவர் கிட்டப் போனால்தானே அது ஓடும். மூட்டையைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டியது. இவர் நடுவையே வெறித்துக்கொண்டு, "எங்க இருக்க? எங்கதான் இருக்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். அவரைப் பொறுத்தவரை அவரைப் பார்க்க அறையில் யாரும் இல்லை, நடிக்கவேண்டிய தேவையும் இல்லை. பேய் சலித்துப்போய்ச் சுவருக்குள் போனது.

நான் மெதுவாக அவருடைய இடது பக்கம் வந்து நின்றேன். தோளுக்குச் சற்று முன்னால் கையை நீட்டி ஆட்டினேன். அசையவில்லை. கையை ஆட்டிக்கொண்டே முன்னால் கொண்டுவந்தேன், இன்னும் முன்னால், ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகு திடுக்கிட்டார். "நீ எப்போ வந்த?"

ஐயோ. எழுத்து படிக்கிறதுக்கு நடுக்கண்ணு போதுமே, ஓரம் தெரியணும்னு இல்லையே. இது கூடவா தெரியாம இத்தனை வருசம் அந்தக் கடையில குப்பை கொட்டினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஏன் என்று சொன்னேன். நேற்று கையை ஆட்டியதைச் சொன்னேன். நீங்கள் அவனைப் பார்க்கவே இல்லை, அதை நிரூபிக்கலாம், அம்மாவிடம் காட்டலாம், போலீசிடம் காட்டலாம் என்றேன்.

டேப் சுற்றிய கன்ட்ரோலரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கொலைகாரன்னு சொல்லட்டும். ஜெயிலுக்குப் போய்ட்டு வந்து வேற குடோன்ல ஓட்டுவேன். குருடன்னு ஆயிட்டா எவன் சாவி குடுப்பான்?"

ஏப்ரல் 22, திங்கள்

இழுத்துக்கொண்டுதான் போனேன்.

இருட்டு அறையில் ஒரு கிண்ணம் மாதிரி இயந்திரம். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் ஒரு புள்ளியைப் பார்க்கவேண்டும். அங்கங்கே மினுக் மினுக்கென்று வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். என்னை ஓரமாக நிற்க விட்டார்கள். பொத்தான் சத்தம் எப்போது வரும் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டக். பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இவர் அமுக்க ஆசையாக விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மிஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினாள். இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. வலது பக்கம் ஓரத்தில் கறுப்பு. நடுவில் கொஞ்சம் வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். வலி இருக்காதாம், கறுப்பாகவும் தெரியாதாம், அதனால் இல்லாததே தெரியாதாம். "போனது வராது. சொட்டு மருந்தை விடாம போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நிறைய மிச்சம் இருந்திருக்கும்" என்றாள்.

இனி எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்றாள். அவர் தலையாட்டினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது பக்கமாக.

ஏப்ரல் 24, புதன்

படத்தை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன். அம்மா தடுத்தாள், நான் கேட்கவில்லை. கட்டிலில் விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பேய், கம்பெனிக்குப் புகார், நான் ஓரத்தில் நின்றது, அவர் நடுவில் அடித்தது. இது உன் மேல் கோபத்தில் செய்ததில்லைடா, அவருக்கு நீ தெரியவே இல்லைடா என்றேன்.

அம்மா படத்தைப் பார்த்தாள். தம்பி படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"எத்தனை நாளா ஓரத்துல நின்ன?"

ரெண்டு வாரம் இருக்கும் என்றேன்.

"ஏன் நின்ன?"

அவர் சந்தோசமா இருக்கட்டும்னு என்றேன்.

"ஓரத்துல வர்றது மாமாவுக்குத் தெரியலைன்னுதானே நின்ன?"

விரித்த படத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"மாமாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் தினமும் சாப்பாடு கட்டிக் குடுத்து வண்டி ஓட்ட அனுப்பியிருக்க." கத்தவில்லை. கத்தியிருக்கலாம். போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "அம்மா, எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

எனக்குத் தெரியுமா? தெரியாது. கண் என்று தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறதே.

மே 5, ஞாயிறு

போலீஸ் விட்டுவிட்டது, விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். தம்பி போய் மாமா மேல் தவறில்லை என்று சொல்லியிருக்கிறான். குடோனில் இவருக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள்.

மே 21, செவ்வாய்

சொட்டு மருந்து காலையும் மாலையும். நான்தான் விடுகிறேன். கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். தெருவில் இறங்கினால் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். தம்பிக்குத் தினமும் போன் பண்ணுகிறார், அவனும் எடுக்கிறான். என் போனை எடுப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் அவருடைய குரல் கொஞ்சம் தணிகிறது.

ஜூன் 16, ஞாயிறு

தம்பி வந்தான். ஊன்றுகோலோடு படியேற வெகுநேரம் ஆயிற்று. அவர் இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவரைச் சுவர்ப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, தம்பி அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தான். என் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

"மாமா, இடது மூலை. இன்னும் கீழ. தலையைத் திருப்புங்க, திருப்புங்க... ம், போச்சு." "விடு மாப்ளே, அடுத்தது வரும்." மதியம் முழுக்க இப்படியே. அவன் ஒருமுறைகூட ஓரத்தில் போய் நின்று மறிக்கவில்லை. ஒரு பேய்கூட மாட்டவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் சோறு போட்டேன். சாப்பிட்டார்கள். அவன் தட்டில் குழம்பு தீர்ந்ததைப் பார்த்து ஊற்றப் போனேன், கையால் தட்டை மூடிக்கொண்டான்.

பிறகு தாகம் போலிருக்கிறது. நான் தண்ணீர்ச் செம்போடு அவன் பக்கத்திலேயேதான் நின்றேன். "மாமா, கொஞ்சம் தண்ணி" என்றான். அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே வந்து, என் கையிலிருந்து செம்பை வாங்கி அவனிடம் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வரேன் மாமா" என்றான்.